தஹாரத் பாடமும் படிக்கட்டின் கீழிருந்த வாளியும்



ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தஹாரத்தில்தான் தொடங்குகின்றன. தொழுகைக்கு முன் உளூ, உளூவுக்கு முன் தண்ணீர், தண்ணீருக்கு முன் எது சுத்தம், எது நஜீஸ் என்ற அறிவு. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறேன். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் மதரஸாவின் துடைப்பம் எங்கே கிடக்கிறது, மாப்பு எப்படி உலர்கிறது என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. அது எப்படி என் முன்னால் வந்து நின்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வீடு பேளுக்குறிச்சியில். கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். மிளகு, சீரகம், கடுகு வாங்க வெளியூர்க்காரர்கள் தேடி வரும் சந்தையால் பலருக்கும் பெயர் தெரிந்திருக்கும். நான் பணியாற்றும் மதரஸா அங்கிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் வேறோர் ஊரில் இருக்கிறது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள், மூன்று வகுப்பறைகள், ஒரு தொழுகைக்கூடம், உளூ செய்யுமிடம், நான்கு கழிப்பறைகள். இவை அனைத்தையும் சுத்தம் செய்வதற்கு ஓர் அக்கா. அவரும் பேளுக்குறிச்சிக்காரரே. காலையில் இருவரும் ஒரே பேருந்தில் செல்வோம்; அவர் முன்னால் பெண்கள் இருக்கையில், நான் பின்னால். அவர் முஸ்லிம் அல்லர். இக்கட்டுரையில் அவருடைய பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் நீர் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். குறைந்த அளவு நீரில் நஜீஸ் விழுந்துவிட்டால் அந்த நீர் முழுவதும் நஜீஸாகிவிடும் என்ற சட்டத்தைக் கரும்பலகையில் எழுதி, அருகில் ஒரு வாளியையும் வரைந்தேன். ஷாஃபியீ மத்ஹபில் இரண்டு குல்லத் என்றோர் அளவு உண்டு. அதை எட்டாத நீர் குறைந்த நீர். எந்த மத்ஹபின்படி பார்த்தாலும் ஒரு வாளித் தண்ணீர் குறைந்த நீர்தான் என்று விளக்கினேன். அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த பதினொரு வயதுப் பையன் கையைத் தூக்கினான்.

"ஹஜ்ரத், அக்கா கக்கூஸு தொடைச்ச மாப்பை வாளியில முக்கி, அதே தண்ணியிலதானே நம்ம தொழுவுற எடத்தையும் தொடைக்கிறாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "அதை அப்புறம் பேசலாம், நீ பாடத்தைப் பார்" என்று அடுத்த பத்திக்குப் போனேன். அன்று மாலையே படிக்கட்டின் அடியில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்துக் காலைக் குர்ஆன் வகுப்பின் நடுவில் கழிப்பறைப் பக்கமிருந்து கடுமையான இருமல் கேட்டது. பிறகு தொண்டையை அறுக்கும் ஒரு நெடி. ஓடிச் சென்றபோது அக்கா வெளிச்சுவரில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பினோம். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அவருடைய முகத்தையும் கண்களையும் தண்ணீரால் கழுவச் செய்து, ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்து ஏற்படவில்லை.

நடந்தது இதுதான். கறை போகாத ஒரு கழிப்பறையில் அவர் முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறார். பிறகு அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். இவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மீது ஏவியதும் இதே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தேங்கும். குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகம் எங்கே இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆசிட் இருந்தது ஒரு பழைய சோடாப் புட்டியில். பிளீச்சிங் பவுடர் இருந்தது மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பால்பவுடர் டப்பாவில். இரண்டிலும் எந்தச் சீட்டும் ஒட்டப்படவில்லை. சைக்கிளில் கூவி விற்பவரிடம் ஆசிட்டை வாங்கிச் சோடாப் புட்டியில் நிரப்பி அங்கே வைத்தவன் நான்தான். மதரஸாவுக்கான சாமான் கொள்முதல் இரண்டாண்டுகளாக என் பொறுப்பில் இருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, வாங்குபவரின் விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று உத்தரவிட்ட செய்தியை நானும் அப்போது படித்தவன்தான். சைக்கிள்காரரிடம் ஏது பதிவேடு? விலை குறைவு, வாசலுக்கே வருகிறது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

இன்னும் வெட்கமான செய்தி ஒன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஆசிரியர், "சரியாயிட்டாங்க, வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார். அத்துடன் நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். ஐந்து நாட்கள் கடந்தன. பேருந்தில் முன்னிருக்கை காலியாக இருந்ததை நான் பார்த்தேன். ஆனால் இறங்கிப் போய் விசாரிக்கவில்லை. ஆறாம் நாள் கழிப்பறைகளில் நாற்றம் எழுந்தது. நிர்வாகக் குழுவில் ஒருவர், "அந்தம்மா வராட்டி வேற ஆள் பாத்திரலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தைத்தது.

ஏனென்றால் மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த அந்தப் பெண்மணியைப் பற்றிய ஹதீஸை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் அந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சில அறிவிப்புகளில் அவருடைய பெயர் உம்மு மிஹ்ஜன் என்று வருகிறது. அவர் கண்ணில் படாததைக் கவனித்து விசாரித்தவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள். இறந்துவிட்டார், அடக்கமும் செய்துவிட்டோம் என்று தோழர்கள் சொன்னபோது, எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுவித்தார்கள். அவருடைய விஷயத்தைத் தோழர்கள் சிறிதாக எண்ணிவிட்டார்கள் போலும் என்று அறிவிப்பிலேயே வருகிறது. இதைச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் என் குரல் தழுதழுக்கும். பிள்ளைகளும் உருகிக் கேட்பார்கள். எங்கள் மதரஸாவைக் கூட்டும் பெண்மணி ஐந்து நாட்களாக வரவில்லை. அவருடைய வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

அன்று மஃரிபுக்குப் பிறகு என் மனைவியையும் அழைத்துக்கொண்டு சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். இருமல் இன்னும் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

"தப்பு என்னோடதுங்க ஹஜ்ரத்து. ரெண்டையும் சேத்துப் போட்டா நல்லா வெளுக்கும்னு நெனச்சுட்டேனுங்க."

தவறு அவருடையது அன்று என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மருத்துவச் செலவை மதரஸா ஏற்கும், வராத நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்றேன். (நிர்வாகத்தைக் கேட்காமல்தான் சொன்னேன். பிறகு ஒப்புக்கொண்டார்கள்.) வேலைக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

"மாப்பு காயறதுக்கு வெயில் படுற பக்கமா ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க. ரொம்ப நாளாவே கேக்கணும்னு இருந்தேனுங்க."

பத்து ஆண்டுகளாக அவர் எங்களிடம் வேலை செய்கிறார். ஓர் ஆணி.

மறுநாள் காலை முதல் வேலையாகப் படிக்கட்டின் கீழே குனிந்து நுழைந்தேன். ஒரே மாப்பு, நான்கு நாள் பழைய தண்ணீரில் தலைகீழாக ஊறிக்கொண்டிருந்தது. அதன் நாற்றத்தை எழுத்தில் சொல்ல இயலாது. தேய்ந்து முழங்கையளவாகக் குறுகிப்போன ஈர்க்குமாறு ஒன்று, கட்டு தளர்ந்து கிடந்தது. கழிப்பறைப் பிரஷ்ஷும் வகுப்பறைப் பூந்துடைப்பமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. மூலையில் இருந்த உடைந்த வாளியில் மழைநீர் தேங்கி, அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படி ஒரு வாளி போதும்; ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். இதற்கு நேர் மேலே, அதே படிக்கட்டின் சுவரில், தூய்மை ஈமானின் பாதி என்ற கருத்துடைய ஹதீஸ் அழகான அரபு எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதிச் சட்டமிட்டவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, "மூணு வாரத்துக்கு முன்னால நீ கேட்டது சரியான கேள்வி" என்றேன். அவன் எதைக் கேட்டான் என்பதையே மறந்திருந்தான்.

பதில் என்னவோ நாங்கள் ஓதும் கிதாபிலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் பட்ட துணியை மூன்று முறை கழுவ வேண்டும், ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். பிழிய இயலாத பொருளானால் கழுவி, சொட்டுவது நிற்கும் வரை விட்டு, இப்படியே மூன்று முறை. மாப்பு பிழியத் தக்கது. ஈர்க்குமாறும் பிரஷ்ஷும் பிழிய இயலாதவை. சட்டையிலும் பாயிலும் நஜீஸ் பட்டால் என்ன செய்வது என்று வரிவரியாக விளக்கியிருக்கிறேன். மாப்பும் ஒரு துணிதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு சட்டத்தில் நாங்கள் சாய்ந்துகொண்டிருந்தோம் என்றும் சொல்ல வேண்டும்: நஜீஸ் பட்ட தரை காய்ந்து, அதன் அடையாளமும் நீங்கிவிட்டால் அதன்மீது தொழலாம் என்பது நம் மத்ஹபின் சலுகை. அச்சலுகை இருக்கிறதே என்று நாள்தோறும் அழுக்குத் தண்ணீரைத் தொழுகைக்கூடத்தில் பூசிக் காயவைப்பதா? ஒரு கிராமவாசி பள்ளியில் சிறுநீர் கழித்துவிட்டபோது, அவரைக் கடிந்துகொள்ளாமல் விட்டு, அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள் நபியவர்கள். அந்த வாளியில் இருந்தது நல்ல நீர்.

கருவிகளை எப்படிப் பிரிப்பது என்பதை நான் கற்றது ஒரு மாணவனின் தந்தையிடமிருந்து. அவர் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். நாமக்கல் மாவட்டத்தின் பிழைப்பில் முட்டைக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அனைவரும் அறிந்ததே. 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டபோது இங்கே பண்ணைக்காரர்கள் பட்ட அச்சம் எனக்கு நினைவிருக்கிறது. பண்ணை வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளிப்பார்கள். கொட்டகைக்குள் நுழையுமுன் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும்.

"எங்க பண்ணையில ஒரு செட்டுச் சாமான் இன்னொரு செட்டுக்குப் போகாதுங்க ஹஜ்ரத். தொடைப்பமா இருந்தாலும் சரி, செருப்பா இருந்தாலும் சரி. போனா மொதலாளி வேலைய விட்டு நிறுத்திருவாருங்க" என்றார். கோழிக்குக் காட்டும் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளுக்காக 2015இல் வெளியான தூய்மை வழிகாட்டுதல்களில் மூன்று வாளி முறை இருப்பதைப் பிறகு அறிந்தேன்: ஒன்றில் சோப்புக் கரைசல், ஒன்றில் வெறும் நீர், ஒன்றில் கிருமிநாசினி.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கழிப்பறைக்குச் சிவப்பு வாளி, சிவப்புப் பிடி போட்ட மாப்பு, பிரஷ். தொழுகைக்கூடத்துக்கு நீலம். வகுப்பறைகளுக்கும் தாழ்வாரத்துக்கும் பச்சை. பிடிகளுக்கு வீட்டில் மீந்திருந்த பெயிண்ட்டை நானே பூசினேன். சிவப்பு ஒருபோதும் படிக்கட்டைத் தாண்டி வராது. வேலை முடிந்ததும் மாப்பை மூன்று முறை அலசிப் பிழிந்து, தலை மேலே இருக்குமாறு தெற்குச் சுவரில் மாட்டிவிடுவது. வாளிகளைக் கவிழ்த்து வைப்பது. துடைப்பங்களை நுனி தரையில் படாமல் தொங்கவிடுவது. நுனி மடங்கி நின்றால் விரைவில் தேய்கிறது. ஓர் ஆணி கேட்டவருக்கு ஏழு ஆணிகள் அடித்தோம்.

ஆசிட்டை அடியோடு நிறுத்திவிட்டோம். கறை படியுமுன் நாள்தோறும் தேய்த்தால் அதற்கு வேலையே இல்லை என்பது அக்காவின் கருத்து. இதுவரை அது சரியாகவே இருக்கிறது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாங்கிய புட்டியிலும் பையிலுமே பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுவதில்லை. பிளீச்சிங் பவுடர் திறந்து கிடந்தால் வீரியம் இழந்துவிடும் என்பதால் சிறு பொட்டலமாக வாங்குகிறோம். அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே பெயர்ச்சீட்டுடன் படமும் ஒட்டியிருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உற்சாகத்தில், யாரையும் கேட்காமல், சேலம் சென்று சுழற்றிப் பிழியும் மாப்பு வாளி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி வந்தேன். இரண்டு மாதத்தில் அதன் மிதி உடைந்து, மூன்றாம் மாதத்தில் மூலைக்குப் போய்விட்டது. "இது ரெண்டு ரூம்பு வீட்டுக்குங்க, இத்தனை பெரிய எடத்துக்குத் தாங்காதுங்க" என்றார் அக்கா. வாங்குமுன் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போனவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கணக்கை வைத்தபோது ஒரு பெரியவர், "வெளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதிலுக்கு ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவத்தைச் சொன்னேன். அது முஸ்லிமில் வருகிறது. பனூ ஸலமா குலத்தாரின் பள்ளிக்கு நபியவர்கள் வந்தபோது அவர்களுடைய கையில் காய்ந்த பேரீச்சங்குலைக் காம்பு ஒன்று இருந்தது. கிப்லாத் திசைச் சுவரில் சளி ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். யாரையும் ஏவாமல் அந்தக் காம்பாலேயே சுரண்டி நீக்கினார்கள். பிறகு நறுமணப் பொருள் கேட்டார்கள். இளைஞர் ஒருவர் வீட்டுக்கு ஓடி உள்ளங்கையில் எடுத்து வர, அதைக் காம்பின் நுனியில் வைத்து, கறை இருந்த இடத்தில் பூசினார்கள். சுத்தம் செய்த கருவியும் நறுமணம் பூசிய கருவியும் ஒன்றே. பெரியவர் சற்று நேரம் தாடியை வருடிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பில்லைக் குடுங்க" என்றார். ஆனாலும் அந்தச் சுழற்று மாப்பின் விலையை மட்டும் அவர் அங்கீகரிக்கவில்லை. அது நியாயந்தான்.

கழிப்பறைச் சுத்தத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். வகுப்பறையைத் தங்கள் பச்சைத் துடைப்பத்தால் அவர்கள் கூட்டுகிறார்கள். அக்கா வராத நாட்களில் சிவப்பு வாளியை ஆசிரியர்கள் முறைவைத்து எடுக்கிறோம். முதன்முறை எடுத்தபோது, குட்டையான ஈர்க்குமாற்றைப் பிடித்துக் கால்மணி நேரம் குனிந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூங்கில் கழி கட்டிய துடைப்பம் அன்றுதான் பட்டியலில் ஏறியது.

இப்போது துடைப்பம் வாங்கும் அதிகாரம் அக்காவிடம் இருக்கிறது. சென்ற மாதம் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு அவருடன் நானும் பையைத் தூக்கிக்கொண்டு சென்றேன். மேலாக அடுக்கியிருந்ததில் ஒன்றை நான் எடுத்து நீட்ட, அவர் வாங்கி ஓர் ஈர்க்கை வளைத்தார். பட்டென்று ஒடிந்தது.

"காஞ்சு விழுந்த மட்டையில எடுத்ததுங்க. பச்சை ஓலையில சீவுனதுதான் வளையும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, கட்டை இழுத்துப் பார்த்து, நான்கைப் பொறுக்கினார். பூந்துடைப்பம் இரண்டை எடுத்துத் தரையில் தட்டித் தட்டி உமி உதிர்வதைப் பார்த்தார். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டார். மூங்கில் கழிகளைத் தம் தோள் உயரத்துக்கு நிறுத்தி அளந்தார். விலை பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "காசு குடுங்க ஹஜ்ரத்து" என்றார். கொடுத்தேன். கழிகளை அவர் எடுத்துக்கொண்டார். துடைப்பங்களை நான் தூக்கிக்கொண்டேன்.